மாணாக்கர் கையால் உருவாகும் டிராக்டர்
மோட்டார் இஞ்சினீயரிங் கல்வியில் கைப்பழக்கத்தின் பயன்

உழவுப் பருவத்தில் ஒரு டிராக்டர் பழுதாகி நின்றுவிட்டால் விளையும் நஷ்டம் எவ்வளவு என்பதை நிலமுடையோர்க்கு எடுத்துச் சொல்லவேண்டுவதில்லை. மழை பெய்து மண் பதமாயிருக்கும் நாட்கள் சிலவே. அந்நாட்களில் ஓர் ஆக்ஸில் முறிந்தால், அதன் விலையைக் காட்டிலும் தவறிப்போன பருவத்தின் விலையே பெரிது. அத்தகைய வண்டியை வரைந்து அமைப்பவர் இஞ்சினீயர் ஆவார். அவர் தமது வித்தையை எவ்விதம் கற்றார் என்பது வண்டியை வாங்கும் குடியானவர்க்குச் சம்பந்தமில்லாத விஷயமன்று.

இதனினும் நெருங்கிய சம்பந்தமும் ஒன்றுண்டு. நிலத்தின் வருவாயைக் கொண்டும், சில சமயங்களில் நிலத்தை ஈடு வைத்தும், தம் புதல்வர் புதல்வியரை இஞ்சினீயரிங் கல்லூரிக்கு அனுப்பும் குடும்பங்கள் பல. விடுமுறைக்கு வரும் மாணாக்கன், தானும் தோழர்களும் சேர்ந்து ஒரு வண்டி கட்டுவதாகவும், இரவு பகலாகப் பட்டறையில் வேலை இருப்பதாகவும் கூறுவான். "படிக்க அனுப்பினால் இரும்பைப் பற்றவைத்துக்கொண்டு காலத்தைக் கழிக்கிறானே" என்று பெற்றோர் மனம் கலங்குவர். இக்கலக்கம் நியாயமானதுதானா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். விவசாயத்தோடு நேராகத் தொடர்புடைய ஒரு போட்டியை இதற்கு உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

போட்டியின் வரலாறு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் விவசாய இஞ்சினீயர்கள் 1907ஆம் ஆண்டில் ஒரு சங்கம் நிறுவினர். அது இக்காலத்தில் அமெரிக்க வேளாண் மற்றும் உயிரியல் இஞ்சினீயர் சங்கம் எனப்படுகிறது. இச்சங்கம் 1998ஆம் ஆண்டு முதல் சர்வகலாசாலை மாணாக்கர்க்கென ஒரு டிராக்டர்ப் போட்டியை நடத்தி வருகிறது. போட்டியில் வரும் வண்டிகள் வயலில் ஓடும் டிராக்டரைப்போல ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு அளவினவாதலால் இது கால் அளவு டிராக்டர்ப் போட்டி என்று பெயர் பெற்றது. பல ஆண்டுகள் இது இல்லினாய் மாநிலத்துப் பியோரியா நகரில் நடைபெற்றிருக்கிறது.

கைவேலையின் மூலம் மோட்டார் வித்தையைக் கற்பிக்கும் வழக்கம் இதற்கு முற்பட்டது. மேடுபள்ளங்களில் ஓடும் சிறு வண்டிகளுக்கான பாஹா போட்டி 1976ஆம் ஆண்டில் தென் கரோலினா சர்வகலாசாலையில் தொடங்கிற்று. அதில் கலந்துகொள்வோர் யாவர்க்கும் ஒரே வகை இஞ்சின். நெடுங்காலம் அது 10 குதிரைத்திறன் உடையதாயிருந்தது. அதனை மாற்றி வலுவேற்றுவதற்கு அனுமதியில்லை. முடிவில் நான்கு மணி நேரம் இடைவிடாது ஓடும் சோதனை உண்டு. இஞ்சின் அனைவர்க்கும் ஒன்றாயிருத்தலின் வெற்றி தோல்வி அதனைச் சூழ்ந்துள்ள அமைப்பைப் பொறுத்ததாகும். இப்போட்டிகளின் உட்பொருள் இதுவே.

போட்டி நடைபெறும் முறை

டிராக்டர்ப் போட்டியிலும் இவ்விதியே கைக்கொள்ளப்பட்டது. பல ஆண்டுகள் ஒவ்வொரு குழுவுக்கும் 31 குதிரைத்திறனுள்ள பிரிக்ஸ் அண்டு ஸ்ட்ராட்டன் இஞ்சின் ஒன்றும் டைட்டன் டயர்களும் கொடுக்கப்பட்டன. சட்டம், கியர்ப்பெட்டி, ஆக்ஸில், ஸ்டீயரிங், பிரேக், ஆசனம் முதலியவற்றை எவ்வாறு அமைப்பது என்பதை மாணாக்கரே தீர்மானிக்கவேண்டும்.

வேலை ஓராண்டு நீடிக்கும். முதலில் சென்ற ஆண்டு வண்டியின் குற்றங்களை எழுதிப் பார்ப்பர். பின்னர் கணக்கிட்டுக் கணினியில் படம் வரைவர். அதன்பின் இரும்பை வெட்டுதல், லேத்தில் கடைதல், வெல்டிங் செய்தல், பூட்டுதல் ஆகியவை நிகழும். வண்டி ஓடத் தொடங்கியதும் அதனைச் சோதித்து, உடைந்ததைத் திருத்துவர். போட்டிக்கு முன்னரே தம் அமைப்பை விளக்கும் அறிக்கையை அனுப்பவேண்டும். போட்டியில், தொழிலிற் கைதேர்ந்த இஞ்சினீயர்கள் முன்னிலையில் தம் வண்டியை ஒரு கம்பெனியாருக்கு விற்பனை செய்வதுபோல விளக்கிப் பேசவேண்டும். அவர்கள் கேட்கும் வினாக்களுக்கு விடையளிக்கவேண்டும். வண்டியைத் திருப்பி ஓட்டுதல், கரடான பாதையில் நிலைத்து ஓடுதல், பாரம் இழுத்தல் முதலிய சோதனைகளும் உண்டு.

பாரம் இழுக்கும் சோதனையே காண்போர் கூடுவது. டிராக்டருக்குப் பின்னால் ஒரு சறுக்குவண்டி பூட்டப்படும். அது நகர நகர, அதன் மேலுள்ள பாரம் முன்னோக்கி வந்து சறுக்குவண்டியை மேன்மேலும் தரையில் அழுத்தும். ஆகவே வண்டி செல்லச் செல்ல இழுப்பது கடினமாகும். எவ்வளவு தூரம் இழுத்தது என்பதே அளவு.

முதற் பாடம்: குதிரைத்திறன் வேறு, இழுவை வேறு

இங்கு மாணாக்கன் முதலில் கற்பது யாதெனில், இஞ்சினின் வலு முழுவதும் இழுவையாகிவிடாது என்பதாம். ஒரு சிறு கணக்கால் இது விளங்கும். இதில் வரும் அளவுகள் விளக்கத்தின் பொருட்டு வைத்துக்கொண்டவை.

ஒரு குதிரைத்திறன் என்பது 75 கிலோகிராம் எடையை ஒரு விநாடியில் ஒரு மீட்டர் உயரம் தூக்கும் திறனாகும். 31 குதிரைத்திறனுக்கு 31 × 75 = 2,325 ஆகிறது. கியரிலும் டயரிலும் பத்தில் நான்கு பங்கு கழிந்துவிடுவதாகக் கொண்டால் எஞ்சுவது 1,395. வண்டி விநாடிக்கு ஒன்றரை மீட்டர், அதாவது மனிதன் விரைந்து நடக்கும் வேகத்தில், செல்வதாயின் இழுவை 1,395 ÷ 1.5 = 930 கிலோகிராம் இருக்கவேண்டும்.

இனி மண்ணைக் கேட்போம். வண்டியின் எடை 400 கிலோகிராம் என்றும், அதில் 240 பின்சக்கரங்களின் மேலும் 160 முன்சக்கரங்களின் மேலும் நிற்பதாகவும் கொள்வோம். மண்ணின் பிடிப்பு, பின்சக்கரத்தின் மேலுள்ள பாரத்தில் பத்தில் ஆறு பங்கு என்க. அப்பொழுது மண் தரக்கூடிய இழுவை 240 × 0.6 = 144 கிலோகிராம் மட்டுமே. இஞ்சின் 930 தர முற்பட்டாலும், மண் 144-க்கு மேல் ஏற்க மறுக்கிறது, டயர் வழுக்குகிறது, எரியெண்ணெய் வீணாகிறது. நம் வயல்களிலும் பெரிய இஞ்சினுள்ள வண்டி நின்ற இடத்திலேயே சக்கரம் சுழன்று குழி பறிப்பதற்குக் காரணம் இதுவே. டயரில் நீர் நிரப்புவதும், சக்கரத்தில் இரும்புப் பாரம் பூட்டுவதும் இக்குறையை நீக்குவதற்காகவே.

புத்தகத்தில் இக்கணக்கு அரைப்பக்கத்தில் முடிந்துவிடும். தான் கட்டிய வண்டி பலர் முன்னிலையில் அசையாமல் நின்று மண்ணைக் கிளறியதைக் கண்ட மாணாக்கனோ அதனை ஆயுள் முழுவதும் மறவான்.

இரண்டாம் பாடம்: கொக்கியின் உயரம்

டிராக்டர் இழுக்கும்பொழுது முன்சக்கரத்தின் பாரம் குறைந்து பின்சக்கரத்தின் பாரம் கூடும். எவ்வளவு கூடும் என்பது இழுக்கும் கொக்கி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கொக்கியின் உயரம் 30 சென்டிமீட்டர், முன் பின் சக்கரங்களுக்கு இடையேயுள்ள தூரம் 120 சென்டிமீட்டர் எனின், இழுவையில் நாலில் ஒரு பங்கு பாரம் முன்னிருந்து பின்னுக்கு மாறும். மேற்சொன்ன வண்டியில் இதனால் இழுவை 144-லிருந்து 169 கிலோகிராமாக உயரும். முன்சக்கரத்தில் 118 எஞ்சும். மாணாக்கன் இரும்புப் பாரங்களைப் பின்னுக்கு நகர்த்திப் பின்சக்கரத்தில் 320, முன்சக்கரத்தில் 80 என்று வைத்தால் இழுவை 226 வரை உயரும். ஆனால் அப்பொழுது முன்சக்கரத்தில் எஞ்சுவது சுமார் 24 கிலோகிராமே. ஸ்டீயரிங் திருப்பினாலும் வண்டி திரும்பத் தயங்கும்.

இன்னும் ஆசைப்பட்டு, கொக்கியை 45 சென்டிமீட்டருக்கு உயர்த்தினால் என்ன நேரும்? இங்கேதான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. கொக்கி 30 சென்டிமீட்டரில் இருந்தபொழுது முன்சக்கரம் தரையை விட்டு எழுவதற்கு 320 கிலோகிராம் இழுவை வேண்டும். வண்டியின் எடை முழுவதும் பின்சக்கரத்தில் நின்றாலும் இம்மண் தருவது 240 மட்டுமே. ஆகவே வண்டி எழுவதற்கு முன் டயர் வழுக்கிவிடும், ஓட்டுபவர் பிழைத்தார். கொக்கி 45 சென்டிமீட்டரானால் முன்சக்கரம் எழ 213 கிலோகிராம் இழுவையே போதும். டயர் வழுக்குவதற்கு முன்பே முன்பக்கம் எழுந்துவிடும். இழுவை தொடருமாயின் வண்டி பின்னோக்கிக் கவிழும்.

இது போட்டி மைதானத்தோடு நிற்கும் பாடமன்று. மரத்தின் அடிக்கட்டையைப் பிடுங்குவதற்காகவோ, சேற்றில் அழுந்திய வண்டியை மீட்பதற்காகவோ, சங்கிலியை ஆக்ஸிலுக்கு மேலே கட்டி இழுப்பவர்கள் உண்டு. புதைந்த சக்கரம் சுழலாதவாறு அதன் முன் மரக்கட்டை வைத்துக் கட்டுபவர்களும் உண்டு. அவ்வாறு செய்தால் டயர் வழுக்குவதற்கு வழியில்லை. சக்கரம் சுழலமாட்டாமையால் டிராக்டரின் உடலே ஆக்ஸிலைச் சுற்றி எழும். கிளச்சை மிதிக்க எண்ணுவதற்குள் வண்டி ஓட்டுபவர்மேல் விழுந்துவிடும். சங்கிலியை எப்பொழுதும் கீழுள்ள இழுகொக்கியில் மட்டுமே பூட்டவேண்டும் என்னும் விதியின் காரணம் இதுவாகும். ஸ்வீடன் தேசம் 1959ஆம் ஆண்டிலேயே புதிய டிராக்டர்களுக்குக் கவிழ்ச்சியில் ஓட்டுபவரைக் காக்கும் சட்டத்தைக் கட்டாயமாக்கிற்று. இக்கணக்கைத் தன் கையால் கட்டிய வண்டியில் கண்டறிந்த இஞ்சினீயர், கொக்கியை எங்கே வைப்பது என்பதை அலட்சியமாகத் தீர்மானியார்.

மூன்றாம் பாடம்: உடைந்த உறுப்பு

இஞ்சின் நிமிஷத்திற்கு 3,600 சுற்று சுழல்வதாகவும், டயரின் குறுக்களவு 66 சென்டிமீட்டர் எனவும் கொண்டால், விநாடிக்கு ஒன்றரை மீட்டர் செல்வதற்குச் சக்கரம் நிமிஷத்திற்கு ஏறக்குறைய 43 அல்லது 44 சுற்றே சுழலவேண்டும். அதாவது வேகத்தைச் சுமார் 83 மடங்கு குறைக்கவேண்டும். வேகம் குறையுமளவிற்கு முறுக்கு விசை பெருகும். இஞ்சினிலிருந்து வரும் மெல்லிய தண்டு தாங்கும் முறுக்கைப்போலப் பன்மடங்கு முறுக்கு ஆக்ஸிலுக்கு வருகிறது. எனவே மாணாக்கர் செய்யும் வண்டிகளில் தண்டுகளும் சங்கிலிகளும் முறிவது சாதாரணம்.

முறிந்த தண்டு ஒரு நல்லாசிரியன். அதன் வாயைத் துடைத்துப் பார்த்தால் இரு வகைத் தோற்றம் காணலாம். ஒரே அடியில் முறிந்ததாயின் முகம் முழுவதும் ஒரே தன்மையாயிருக்கும். சிறு விரிசல் தோன்றி நாளடைவில் வளர்ந்து முறிந்ததாயின், ஒரு பகுதி வழவழப்பாகவும், அதில் கரையில் அலை படிந்ததுபோன்ற வளைகோடுகள் உள்ளதாகவும் இருக்கும். எஞ்சிய பகுதி மட்டும் கரடாயிருக்கும். விரிசல் பெரும்பாலும், தடித்த தண்டு சட்டென்று மெலியும் கூர்மையான மூலையிலோ, சாவிக்காகக் குடைந்த பள்ளத்திலோ, வெல்டிங்கின் ஓரத்திலோ தொடங்கும். அம்மூலையைச் சிறிது வளைவாகக் கடைந்துவிட்டால் அதே தண்டு நெடுநாள் உழைக்கும். தண்டைத் தடிப்பாக்குவதே தீர்வு என்று எண்ணியிருந்த மாணாக்கன் இப்பொழுது காரணத்தைத் தேடக் கற்கிறான்.

குடியானவர்களும் இதனைக் கையாளலாம். டிராக்டரில் ஓர் உறுப்பு முறிந்தால் உடைந்த துண்டுகளை எறிந்துவிடாமல் இரண்டையும் வைத்திருந்து பழுதுபார்ப்பவரிடம் காட்டுவது நன்று. முகத்தில் வளைகோடுகள் தோன்றினால், புதிய உறுப்பைப் பூட்டுவதோடு நில்லாமல், அங்கே விரிசல் ஏன் தொடங்கிற்று என்று ஆராய்வது அவசியம். இன்றேல் அடுத்த பருவத்தில் அதே இடத்தில் மீண்டும் முறியும்.

நான்காம் பாடம்: பிறர் கைக்கு ஏற்றதாதல்

போட்டியில் வண்டி இழுப்பது ஒன்றே பார்க்கப்படுவதில்லை. எண்ணெய் மாற்றுவது எளிதா, கிரீஸ் இடும் வாய்க்குக் கை எட்டுமா, ஓட்டுபவர் ஏறி இறங்குவதற்கு வசதியுண்டா, சுழலும் பாகங்களுக்கு மூடியிருக்கிறதா, சத்தம் எவ்வளவு, தொழிற்சாலையில் பலவாகச் செய்வதற்கு இவ்வமைப்பு இடங்கொடுக்குமா, செலவு என்ன என்பவையும் கவனிக்கப்படுகின்றன. வடிகட்டி ஒன்றை மாற்ற நான்கு உறுப்புகளைக் கழற்றவேண்டிய வண்டியை வயலில் வைத்திருப்பவர், இச்சோதனைகளின் அருமையை உணர்வர். படத்தை வரைந்த கையே ஸ்பானரையும் பிடித்தாலன்றி இத்தகைய குறை கண்ணுக்குப் புலப்படாது.

இம்முறையின் குறைகள்

இம்முறையில் குறைகளே இல்லை என்று கூறலாகாது. ஒரு வகுப்பில் பலர் இருப்பினும் வண்டிக் குழுவில் சேர்பவர் சிலரே. குழுவிலும் ஒருவன் வெல்டிங் மட்டும் செய்துகொண்டு, கணக்கை மற்றொருவனிடம் விட்டுவிடுதல் உண்டு. அவ்வாறாயின் நான்காண்டுக்குப் பின் அவன் நல்ல வெல்டராகலாம், இஞ்சினீயராகான். பணமுள்ள குழு உறுப்புகளைக் கடையில் வாங்கிப் பூட்டிவிடுதலும் கூடும். பரீட்சைப் பாடங்களைக் கைவிட்டுப் பட்டறையிலேயே கிடப்பவரும் உளர். பெற்றோரின் கவலை இவ்விடங்களில் நியாயமானதே.

நம் ஊர்களில் பழுதுபார்க்கும் மேஸ்திரிகளை நோக்குவோம். இஞ்சினின் ஓசையைக் கேட்டே குற்றத்தை அறியும் திறமை அவர்களில் பலர்க்கு உண்டு. அக்கைப்பழக்கத்தை ஒரு கல்லூரி நான்காண்டில் கொடுத்துவிட இயலாது, கொடுக்கவேண்டுவதும் அதுவன்று. மேஸ்திரி உடைந்ததைச் சேர்க்கிறார். இஞ்சினீயர் உடையாதபடி முன்னரே கணக்கிடவேண்டும். கணக்கு மெய்யா என்று காட்டும் உரைகல்லே கைவேலை. ஆதலால் இவ்விரண்டும் ஒருவனிடத்தில் கூடவேண்டும்.

நம் நாட்டில்

சென்னைக்கு அருகேயுள்ள குரோம்பேட்டையில் சி. ராஜம் அவர்கள் 1949ஆம் ஆண்டில் நிறுவிய சென்னைத் தொழில்நுட்பக் கழகம் மோட்டார் இஞ்சினீயரிங்கைத் தனிப்பாடமாகத் தொடக்கத்திலேயே கற்பித்தது. அது 1978ஆம் ஆண்டு முதல் அண்ணா சர்வகலாசாலையைச் சேர்ந்ததாயிற்று. பாஹா போட்டியும் 2007ஆம் ஆண்டில் நம் நாட்டிற்கு வந்து, மத்தியப் பிரதேசத்தில் இந்தூருக்கு அடுத்த பீதாம்பூரில் நடைபெற்றது. ஆகவே தம் மக்கள் வண்டி கட்டுவதாகச் சொல்லக் கேட்கும் நம் நாட்டுப் பெற்றோர் அதனை அயல்நாட்டு விநோதம் என்று தள்ளிவிடலாகாது.

பெற்றோர் கவனிக்கவேண்டியவை

மோட்டார் இஞ்சினீயரிங் கற்பதற்குத் தம் மக்களை அனுப்ப எண்ணும் நிலச்சொந்தக்காரர்களும், அவர்களுக்கு ஆலோசனை கூறும் கிராம அதிகாரிகளும், கல்லூரியின் கட்டடத்தையும் விளம்பரத்தையும் மட்டும் பார்த்து முடிவு செய்யாமல் பின்வருவனவற்றை நேரிற் சென்று விசாரித்தல் நலம்.

1. பட்டறை பூட்டிக் கிடக்கிறதா, மாணாக்கர் அதில் வேலை செய்கின்றனரா என்று பார்க்கவும். லேத்தின் அடியில் புதிய இரும்புச் சுருள் கிடந்தால் அங்கே வேலை நடக்கிறது.

2. மாணாக்கர் கட்டிய வண்டியைக் காட்டும்படி கேட்கவும். எவ்வுறுப்பைத் தாமே செய்தனர், எதனை வாங்கினர், ஏன் என்று அவர்களையே வினவவும்.

3. உடைந்த உறுப்புகளை வைத்திருக்கின்றனரா என்று கேட்கவும். உடைந்ததை ஒளிப்பவரைக் காட்டிலும், அதைக் காட்டிக் காரணம் சொல்பவரே நன்கு கற்றவர்.

4. கண்ணாடி, கையுறை, தீயணைக்கும் கருவி முதலியவை உபயோகத்தில் உள்ளனவா என்று நோக்கவும்.

5. ஒவ்வொரு மாணாக்கனும் கணக்கும் படமும் கைவேலையும் மாறி மாறிச் செய்யும்படி ஆசிரியர் ஏற்பாடு செய்கின்றாரா என்று அறியவும்.

வண்டிக் குழுவிற் சேர்ந்த மாணாக்கன் விடுமுறையில் வீட்டுக்கு வரும்பொழுது, அவனைக் கடிந்துகொள்வதற்கு முன், கொட்டகையில் நிற்கும் டிராக்டரின் அருகே அழைத்துச் சென்று, சங்கிலியை ஏன் கீழ்க்கொக்கியிலேயே பூட்டவேண்டும் என்று கேட்டுப் பார்க்கலாம். அவன் ஒரு குச்சியால் மண்ணில் படம் வரைந்து, பாரத்தையும் உயரத்தையும் கணக்கிட்டு, வண்டி ஓட்டும் ஆளுக்கும் விளங்குமாறு சொல்வானாயின், பட்டறையில் அவன் கழித்த இரவுகள் வீணாகவில்லை என்று பெற்றோர் மனம் தேறலாம். விடை தெரியாது விழிப்பானாயின், குறை பட்டறையில் இல்லை. அங்கே அவன் கணக்கைப் பிறரிடம் விட்டுவிட்டான் என்பது பொருள். அதனைத் திருத்திக்கொள்வதற்கு, படிப்பு முடியுமுன் காலமும் உண்டு.